பதினான்கு ஆண்டுகள் எடுத்த முனைவர் பட்டம்

ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் நம் கைபேசிகளில் ஒரு படம் சுற்றி வருகிறது. எட்டு ஆண்டுப் படிப்பை அண்ணல் அம்பேத்கர் இரண்டே கால் ஆண்டில் முடித்தார், முப்பத்திரண்டு பட்டங்கள் வாங்கினார் என்று அதில் எழுதியிருக்கும். நாமும் அதைப் பகிர்ந்திருக்கிறோம். படிக்கத் தகுதியில்லாதவர்கள் என்று நம்மைச் சொன்ன சமூகத்துக்கு இதுதான் பதில் என்று தோன்றுகிறது. அந்த ஆசையில் குற்றமில்லை.

ஆனால் அந்தப் படம் ஒரு கெடுதலும் செய்கிறது. ஆய்வில் சேர்ந்து நான்காவது ஆண்டில் ஓர் அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நம் தம்பியோ தங்கையோ அதைப் பார்க்கிறார். 'அவர் மேதை, நம்மால் ஆகாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்.

நடந்த வரலாறு வேறு. அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது 1913இல். அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டத்தை முறைப்படி வழங்கியது 1927இல். நடுவே பதினான்கு ஆண்டுகள். அதற்குள் பணம் தீர்ந்தது, படிப்பு பாதியில் நின்றது, புத்தகங்கள் கடலில் போயின, லண்டனில் ஆய்வேடு ஒன்று திரும்பி வந்தது. ஒரு முதல் தலைமுறை ஆய்வாளர் எந்தத் திறனை, எந்த நெருக்கடிக்குள், எப்படிக் கற்றுக்கொண்டார் என்று தெரிந்துகொள்ள இந்தப் பதினான்கு ஆண்டுகளைக் கணக்குப் பார்ப்போம்.

பணம் வைத்த கெடு

1913 பிப்ரவரியில் தந்தை ராம்ஜி இறந்துபோகிறார். பம்பாயில் ரமாபாயும் கைக்குழந்தை யஷ்வந்தும் இருக்கிறார்கள். அந்த நிலையில், ஜூன் மாதம் பரோடா அரசோடு அம்பேத்கர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை. படித்து முடித்ததும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும்.

மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் உதவினார் என்று ஒரே வரியில் நாம் இதைக் கடந்துவிடுகிறோம். ஆனால் அவருடைய ஆய்வுத் திட்டத்தின் எல்லைகளை வரைந்தது இந்த ஒப்பந்தம்தான். மூன்று ஆண்டுகள் என்பது முன்கூட்டியே தெரிந்த கெடு. அதற்குள் எதைக் கற்பது, எதைத் தள்ளிவைப்பது என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். அப்பா, தாத்தா சேர்த்து வைத்த சொத்தில் படிப்பவருக்கு இந்தக் கணக்கு இல்லை. நமக்கு முதல் நாளிலிருந்தே உண்டு.

அறுபது வகுப்புகள்

கொலம்பியாவில் அவர் எடுத்த பாடங்களின் கணக்கு நமக்குக் கிடைக்கிறது. பொருளாதாரம் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானுடவியல் 4, அரசியல் 3, தொடக்கநிலை பிரெஞ்சு 1, ஜெர்மன் 1. மொத்தம் அறுபது.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். அவருடைய துறை பொருளாதாரம். பொது நிதியில் பெயர் பெற்ற பேராசிரியர் செலிக்மன் அவருக்கு வழிகாட்டி. ஆனால் வகுப்புகளில் சரிபாதிக்கும் மேல் பொருளாதாரத்துக்கு வெளியே இருக்கின்றன. ஜான் டூயியிடம் தத்துவம் கேட்டார். கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கிலும் உட்கார்ந்தார். வந்த கேள்விக்கு என்ன கருவி தேவையோ அதைத் தேடிப் போயிருக்கிறார் என்றே நாம் இதைப் படிக்கிறோம். சாதியைப் பற்றிப் பேச வரவுசெலவுக் கணக்கு மட்டும் போதாது. பிரிட்டிஷ் அரசின் சுரண்டலைப் பற்றிப் பேசக் கோபம் மட்டும் போதாது.

1915 மே மாதம் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றி ஒரு கட்டுரை எழுதி முடித்தார். எம்.ஏ. பட்டம் கிடைத்தது. 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்று ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. பொருளாதார மாணவர் ஒருவர் மானுடவியல் ஆசிரியர்கள் முன்னால் நின்று, அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு அது ஆய்விதழில் அச்சானது. வேறு துறைக்காரர்கள் முன்னால் தன் வாதத்தை வைத்து, கேள்விகளை எதிர்கொள்வதும் ஒரு பயிற்சிதான். ஆய்வேடு முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

அறுந்த இழை

1916இல் லண்டன் வந்தார். பொருளாதாரப் பள்ளியில் ஆய்வு, கிரேஸ் இன்னில் சட்டம் என்று இரண்டு வேலைகளை ஒன்றாகத் தொடங்கினார். ஓராண்டில் உதவித்தொகை முடிந்தது. பரோடா அவரைத் திரும்ப அழைத்தது.

இங்கேதான் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. புறப்படும் முன் லண்டன் பல்கலைக்கழகத்திடம் ஓர் அனுமதி பெற்றார். 1917 அக்டோபரிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்பது அது. பேராசிரியர் எட்வின் கேனன் அதற்கு உதவினார். படிப்பு நின்றது. ஆனால் திரும்பி வரும் கதவை எழுத்துப்பூர்வமாகத் திறந்து வைத்துவிட்டே கப்பல் ஏறினார்.

அவருடைய சாமான்களும் புத்தகங்களும் வந்த கப்பல் முதல் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்டது. பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. ஒரு பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த படிப்பு ஓர் அறைக்குக்கூட உத்தரவாதம் தரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள். நம்மில் பலர் அந்த இடத்தில் ஆய்வை மூட்டை கட்டியிருப்போம். அவர் 1918இல் சிறு நிலவுடைமைகளைப் பற்றிப் பொருளாதார இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். 1919 ஜனவரியில் சவுத்பரோ குழுவின் முன் தீண்டப்படாதோரின் வாக்குரிமைக்காகச் சாட்சியம் அளித்தார். 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். நண்பர் நாவல் பதேனாவிடம் ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகுவும் உதவினார். 1920இல், அனுமதித்த நான்கு ஆண்டுகள் முடிவதற்குள், மீண்டும் லண்டன் போனார்.

போராட்டமா, படிப்பா என்று நம் தோழர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் அவர் இரண்டையும் விடவில்லை. கற்பித்ததும் எழுதியதும் சாட்சியம் சொன்னதும் ஆய்வுப் பயிற்சியாகவும் அமைந்தன.

இந்தக் கணக்கில் ரமாபாயின் பெயரை எழுதாமல் விட்டால் நாம் பொய்க்கணக்கு எழுதியவர்கள் ஆவோம். கணவர் கடல் கடந்து படித்த ஆண்டுகளில் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கியவர் அவர். பெற்ற ஐந்து குழந்தைகளில் நால்வரை இழந்தார். எந்த ஆய்வேட்டுக்கும் இப்படி யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அது பெரும்பாலும் ஒரு பெண்.

திரும்பி வந்த ஆய்வேடு

1921இல் எம்.எஸ்சி. பட்டம் வந்தது. 1922 அக்டோபரில் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்துக்காகச் சமர்ப்பித்தார். பிரிட்டிஷ் அரசின் நாணயக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்த ஆய்வேடு அது. ஏற்கப்படவில்லை. திருத்தி எழுதச் சொன்னார்கள். கையில் காசு தீர்ந்து 1923இல் பம்பாய் திரும்பினார். அங்கிருந்தே, முடிவுகளை விட்டுக்கொடுக்காமல், மீண்டும் எழுதி அனுப்பினார். அந்த ஆண்டின் இறுதியில் பட்டம் கிடைத்தது. நூலாக வந்தபோது முன்னுரை எழுதிய கேனன், சில முடிவுகளில் தனக்கு உடன்பாடில்லை என்று அதிலேயே சொன்னார். உடன்படாத ஆசிரியரையும் மதிக்க வைக்கும் அளவுக்கு ஆதாரங்களை அடுக்கும் திறன் இது. அது ஒரே நாளில் வந்ததல்ல. கம்பெனியின் நிதி, மாகாண நிதி, நாணயம் என்று ஒரே நிலத்தைப் பல ஆண்டுகள் உழுததால் வந்தது.

கொலம்பியாவில் அன்று அச்சிட்ட பிரதிகளை ஒப்படைத்தால்தான் முனைவர் பட்டம். மாகாண நிதியின் வளர்ச்சியைப் பற்றிய நூல் செலிக்மனின் முன்னுரையோடு 1925இல் அச்சானது. 1927 ஜூனில் பட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1925இல், இந்திய நாணயம் குறித்த அரச ஆணையத்தின் முன் நிபுணராகச் சாட்சியம் அளித்திருந்தார். சட்டம் படித்திருந்ததால் பம்பாயில் வழக்கறிஞர் தொழில் செய்து, எந்த அரசையும் அண்டாமல் வாழ முடிந்தது. பரோடாவில் பட்ட அனுபவத்துக்குப் பிறகு அந்தச் சுதந்திரத்தின் மதிப்பு அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

நம் கணக்கு

இன்று ஆய்வில் சேரும் மாணவர்களுக்கு 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் பொருந்துகின்றன. குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டுகள். பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு. குறைந்தது 12 கிரெடிட் பாடநெறி. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி கட்டாயம். இவை நம் உரிமைகள். தெரியாமல் இருப்பவரிடம்தான் இவற்றைச் சலுகை போலக் காட்டி ஏமாற்ற முடியும்.

பாடநெறியை மதிப்பெண் சடங்காக முடித்துவிடாதீர்கள். முதல் ஆண்டிலேயே ஒரு தாளை எடுத்து, 'என் கேள்விக்கு என்னென்ன தெரிய வேண்டும், எனக்கு எது தெரியாது' என்று எழுதுங்கள். எடுத்துக்காட்டாகப் பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையையும் 1892ஆம் ஆண்டின் அரசாணையையும் மூலத்தில் படிக்க அக்கால அலுவல் ஆங்கிலம் பழக வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோப்பு தேடத் தெரிய வேண்டும். அ-பதிவேடு, சிட்டா, அடங்கல், புல வரைபடம் ஆகியவற்றைப் படிக்க ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவரிடம் ஒரு வாரம் உட்கார வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதத் தெரிய வேண்டும். நிலத்தை இழந்த பாட்டியிடம் அவர் மனம் நோகாமல் பேசத் தெரிய வேண்டும். இவற்றில் பலவற்றை எந்தத் துறையும் தானாகச் சொல்லித் தராது. எதை எந்தப் பருவத்தில் கற்பது என்று நாமே ஆண்டுவாரியாக எழுதி, வழிகாட்டியிடமும் குழுவிடமும் கொடுத்து, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். படிப்பை நிறுத்த நேர்ந்தால் அண்ணலைப் போலத் திரும்பி வரும் அனுமதியையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

தனிமனிதத் திட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும். ஹைதராபாத்தில் ரோகித் வெமுலாவை நாம் 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். ஏழு மாத உதவித்தொகை அவருக்கு வந்து சேராமல் இருந்தது. உதவித்தொகை நின்றால் எந்தத் திட்டமும் நிற்காது. 2022இல் ஒன்றிய அரசு பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஒரு நிபந்தனை சேர்த்தது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் தொடர்பான தலைப்புகளுக்குப் பணம் கிடையாது என்றது. கம்பெனி நிர்வாகத்தின் வரலாற்றையும் இந்தியச் சாதிகளையும் ஆராய்கிறேன் என்று 25 வயது அம்பேத்கர் அந்த ஆண்டு விண்ணப்பித்திருந்தால், அந்த விதி அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். நாம் எந்தத் திறனைக் கற்கலாம், எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் அரசியல்தான். அதனால் திட்டத்தைத் தனியாக எழுதினாலும் போராட்டத்தைக் கூட்டாகவே நடத்த வேண்டும். உதவித்தொகை தாமதமானால் சங்கமாகப் போய்க் கேளுங்கள். மனம் சோர்ந்தால் அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள், தோழர்களை அழையுங்கள். படித்து முடித்த அண்ணன்களும் அக்காக்களும் வருடத்துக்கு ஒரு மாணவரின் அத்தியாயத்தையாவது படித்துத் திருத்திக் கொடுங்கள்.

வரும் ஏப்ரல் 14 அன்று அந்தப் படம் மறுபடியும் வரும். இந்த முறை அதன் கீழே இப்படி எழுதி அனுப்புவோம்: கொலம்பியாவில் சேர்ந்தது 1913, ஆய்வேடு திரும்பி வந்தது 1923, முனைவர் பட்டம் வந்தது 1927. நான்காவது ஆண்டில் தவித்துக்கொண்டிருக்கும் அந்தத் தங்கைக்கு அது போய்ச் சேரட்டும்.

ஜெய்பீம்!