கொல்லைப்புறத்தில் பிறந்த சட்டம்

1992 ஜூன் 29, இரவு. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தாள் கிம்பர் ரெனால்ட்ஸ். வயது 18. வெளியூரில் படித்துக்கொண்டிருந்தவள், தோழியின் கல்யாணத்துக்காக ஊர் வந்திருந்தாள். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவளுடைய கைப்பையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் விடவில்லை. ஒருவன் துப்பாக்கியைத் தலையருகே வைத்துச் சுட்டான். 26 மணி நேரம் உயிருக்குப் போராடி அவள் இறந்தாள்.

சுட்டவன் பரோலில் வெளிவந்திருந்தவன். ஓரிரு நாளில் போலீசுடன் நடந்த மோதலில் செத்தான். கூட்டாளிக்குக் கிடைத்தது ஒன்பது ஆண்டு. அதிலும் தண்டனைக் கழிவு உண்டு. கிம்பரின் அப்பா மைக் ரெனால்ட்ஸ், ஊரார் கல்யாணங்களைப் படமெடுத்துப் பிழைத்தவர். சட்டம் படித்தவரல்ல, அரசியல் தெரிந்தவருமல்ல. மகளை அடக்கம் செய்த துக்கம் ஆறுவதற்குள் அவர் ஒரு சட்டம் எழுத உட்கார்ந்தார்.

எழுதிய இடம், வீட்டுக் கொல்லைப்புறம். நீதிபதிகள், வழக்கறிஞர்கள், போலீஸ்காரர்கள் என்று தெரிந்தவர்களை அழைத்து உட்கார வைத்தார். உருவான மசோதா சொன்னது இது: கடுமையான குற்றமோ வன்முறைக் குற்றமோ ஏற்கெனவே ஒன்று செய்தவர் மீண்டும் சிக்கினால் இரட்டைத் தண்டனை. அப்படி இரண்டு செய்தவர் மூன்றாவது முறை சிக்கினால் குறைந்தது 25 ஆண்டு, அதிகம் போனால் ஆயுள் முழுக்க. முதல் இரண்டு குற்றங்களுக்குத்தான் 'கடுமையானது' என்ற பட்டியல் இருந்தது; வீடு புகுந்து திருடுவதும் அதில் அடக்கம். மூன்றாவதற்குப் பட்டியலே இல்லை. சட்டப்படி பெருங்குற்றம் என்ற பெயர் இருந்தால் போதும். முன்பு திருடித் தண்டனை பெற்றவர் கடையில் ஒரு சின்னப் பொருளை எடுத்தாலும், அந்த மாநிலத்தில் அதைப் பெருங்குற்றமாகவே வழக்குப் போட முடிந்தது. பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்த ஓர் இடம்தான் காரணம். ஆனால் அப்போது யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. 1993 ஏப்ரலில் சட்டமன்றக் குழு மசோதாவைத் தூக்கிப் போட்டுவிட்டது.

ரெனால்ட்ஸ் மக்களிடம் போனார். போதிய கையெழுத்து சேர்ந்தால் ஒரு சட்டத்தை நேரே பொது வாக்கெடுப்புக்கு விடும் வழி கலிஃபோர்னியாவில் உண்டு. தேவைப்பட்டது சுமார் 3,85,000 கையெழுத்து. உள்ளூர் வானொலி கைகொடுத்தது. ஆனாலும் கணக்கு நகரவில்லை. முயற்சி அங்கேயே படுத்திருக்கும், அந்த அக்டோபர் முதல் தேதி மட்டும் வராதிருந்தால்.

அன்றிரவு பெட்டலுமா ஊரில் 12 வயது பாலி கிளாஸ் தன் வீட்டில் இரண்டு தோழிகளோடு இருந்தாள். கத்தியோடு ஒருவன் உள்ளே வந்தான். தோழிகளைக் கட்டிப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிப் போனான். அம்மா வேறோர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நாடே தேடியது. டிசம்பர் 4 அன்று உடல் கிடைத்தது. ஆள் கடத்தலுக்காக 16 ஆண்டு தண்டனை பெற்று, பாதியிலேயே அந்தக் கோடையில் வெளியே விடப்பட்டவன்தான் கொலைகாரன் என்று தெரிந்தபோது, கலிஃபோர்னியா கொதித்தது.

கையெழுத்து வெள்ளமாக வந்தது. பெயரும் தயாராக இருந்தது. நவம்பரில்தான் வாஷிங்டன் மாநில வாக்காளர்கள், மூன்றாவது கடுங்குற்றத்துக்கு ஆயுள் என்ற சட்டத்தை நிறைவேற்றியிருந்தார்கள். பேஸ்பாலில் மூன்று முறை தவறவிட்ட மட்டையாளர் அவுட். அந்த விதியின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். அங்கே மூன்று குற்றங்களுமே கடுமையானவையாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவிலும் அப்படியொரு மாற்று மசோதா இருந்தது. அரசு வழக்கறிஞர்களே அதை ஆதரித்தார்கள். ரெனால்ட்ஸ் தன் மசோதாவை மாற்றச் சம்மதிக்கவில்லை. அது தேர்தல் ஆண்டு; அவரோடு மோத யாரும் தயாராக இல்லை. 1994 மார்ச் 7 அன்று ஆளுநர் பீட் வில்சன் கையெழுத்திட, அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்ட 'த்ரீ ஸ்ட்ரைக்ஸ்' சட்டம் பிறந்தது. அதே சட்டம் நவம்பரில் வாக்கெடுப்புக்கும் வரவிருந்தது. அப்போதுதான் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் எதிர்ப்புக் குரல் எழுந்தது.

குரல் பாலியின் அப்பா மார்க் கிளாஸுடையது. முதலில் ஆதரித்தவர்தான். மசோதாவின் விவரம் புரிந்ததும் எதிராகப் பிரசாரம் செய்தார். பாலியின் தாத்தாவும் சேர்ந்துகொண்டார். காரில் ரேடியோ திருடுபோவதற்கும் மகள் கொல்லப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் தனக்குத் தெரியும் என்றார் மார்க். இந்தக் கதையிலேயே மிகத் துணிச்சலான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். பெண்ணைப் பறிகொடுத்து ஓராண்டே ஆன ஒருவர், அவள் பெயரால் கேட்கப்பட்ட தண்டனை வேறு யார் மேலோ விழப் போகிறது என்று ஊர் ஊராகச் சொன்னார். வாக்காளர்களில் 72 சதவீதம் பேர் சட்டத்துக்கே வாக்களித்தார்கள்.

அந்தத் தண்டனை யார் மேல் விழும் என்பது விரைவிலேயே தெரியத் தொடங்கியது. 1994 ஜூலையில் ரெடோண்டோ கடற்கரையில் சிறுவர்களிடமிருந்து ஒரு துண்டு பீட்சாவைப் பறித்த ஒருவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை விதிக்கப்பட்டது. 1996இல் பழைய குற்றங்களைக் கணக்கில் கொள்ளாமல் விட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அது ஆறாண்டாகக் குறைந்தது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1995 நவம்பரில் ஹெராயினுக்கு அடிமையான ஒருவர், இரண்டு கடைகளில் ஒன்பது வீடியோ கேசட்டுகளைத் திருடிப் பிடிபட்டார். சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட் போன்ற குழந்தைகள் படங்களும் அதில் இருந்தன. மொத்த விலை 153 டாலர் 54 சென்ட். முந்தைய குற்றங்களிலும் அவர் யார் மேலும் கை வைத்ததில்லை. இரண்டு திருட்டு, இரண்டு 25: குறைந்தது 50 ஆண்டு. அப்போது அவருக்கு வயது 37. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

2003 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நான்கு நீதிபதிகள் அவர் பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். மூன்று கோல்ஃப் மட்டைகளைக் கால்சட்டைக்குள் மறைத்து நொண்டி நடந்து சிக்கிய இன்னொருவரின் தண்டனையும் அதே நாளில், அதே ஐந்துக்கு நான்கில் உறுதியானது. நீதிமன்றக் கதவு சாத்தப்பட, மிச்சமிருந்தது சட்டம் வந்த அதே வாசல்: வாக்குப்பெட்டி.

2004இல் சட்டத்தில் திருத்தம் கேட்டு நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு வெகுவாக முன்னிலையில் இருந்தது. கடைசிப் பத்து நாளில் ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் எதிர்விளம்பரங்களில் தோன்றினார். திருத்தம் தோற்றது. ஸ்டான்ஃபோர்ட் சட்டக் கல்லூரியில் பேராசிரியர்களும் மாணவர்களும் ஒவ்வொரு கைதியின் வழக்காக எடுத்து நடத்தி, அடுத்த திருத்தத்தை நிதானமாக எழுதினார்கள். லாஸ் ஏஞ்சலஸின் தலைமை அரசு வழக்கறிஞர் ஸ்டீவ் கூலியே அதை ஆதரித்தார். இதற்கிடையே நெரிசலில் பிதுங்கிய சிறைகளில் ஆள் குறைக்கச் சொல்லி 2011இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டிருந்தது.

2012 நவம்பரில் சுமார் 69 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஃபிரெஸ்னோ உட்பட 58 மாவட்டங்களிலும் பெரும்பான்மை. மூன்றாவது குற்றமும் கடுமையானதாகவோ வன்முறையாகவோ இருக்க வேண்டும் என்பது, சில விதிவிலக்குகளோடு, 18 ஆண்டு கழித்துச் சட்டத்தில் ஏறியது. ஏறக்குறைய 3,000 கைதிகள் மறுதண்டனை கேட்டு மனுப் போடத் தகுதி பெற்றார்கள். இரண்டாவது குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை என்ற வரியை மட்டும் யாரும் தொடவில்லை. அந்த வரியால் உள்ளே போனவர்கள், மூன்றாவது குற்றத்துக்காகப் போனவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.