அடியைப் பூட்டிய இரண்டு இதழ்கள்

1971 அக்டோபரில் கோவையில் பிறந்த ‘வானம்பாடி’யையும், 2010 மே இறுதியில் ஐபேடில் வெளிவந்த ‘வயர்டு’ இதழையும் அருகருகே வைப்பது பொருந்தாச் செயலாகத் தோன்றலாம். முன்னது விலையிலாக் கவிமடல். பின்னது ஏறத்தாழ 5 டாலர் விலையுள்ள சரக்கு. முன்னதை நடத்தியவர்களில் பலர் தமிழாசிரியர்கள். பின்னதற்கு ஒரு பெரும் பதிப்பு நிறுவனமும் அடோபியின் மென்பொருளும் துணை நின்றன. ஆயினும் பக்கம் எப்படி அமைகிறது என்று மட்டும் கேட்டுப் பார்த்தால் இரண்டும் வியப்பூட்டும் வகையில் நெருங்கி வருகின்றன.

‘வானம்பாடி’ பிறந்த ஈய எழுத்துக் காலத்தில், அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் ‘கேஸ்’ என்ற எழுத்துப் பெட்டியிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி, ‘ஸ்டிக்’ என்ற கைச்சட்டத்தில் கோத்து, பக்கத்தை இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கிவிடுவார். அதன்பின் ஒரு புள்ளியும் அசையாது. ‘வயர்டின்’ முதல் டேப்லெட் இதழும் அப்படித்தான்: பக்கங்கள் படங்களாக உறைந்திருந்தன. எழுத்தைப் பெரிதாக்க முடியாது, ஒரு சொல்லைத் தொட்டு நகலெடுக்க முடியாது. கருவியை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு வடிவம், கிடத்திப் பிடித்தால் வேறொரு வடிவம் என ஒவ்வொரு பக்கத்தையும் இருமுறை வடிவமைத்தார்கள். கோப்பு 500 மெகாபைட் அளவுக்குப் பருத்தது. இது பழைய அச்சுப் பக்கத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த வேலை என்று அன்றே குறை சொன்னார்கள். உரைநடையைப் பொறுத்தவரை அந்தக் குறை நியாயமானது. கவிதைக்கும் அது பொருந்துமா?

மரபுக் கவிதையில் அடி முடியும் இடத்தைச் சீரும் எதுகையும் சொல்லிவிடும். அச்சில் வரி மடங்கினாலும் காது அதைக் கண்டுகொள்ளும். புவியரசு, சிற்பி, மு.மேத்தா போன்றோர் ‘வானம்பாடி’யில் வளர்த்த புதுக்கவிதைக்கு அந்தக் காவல் கிடையாது. அங்கே அடியை எங்கே முறிப்பது என்பது கவிஞரின் தீர்ப்பு. அதற்கு ஒரே சாட்சி அடிக்குப் பின் விடப்படும் வெற்றிடம். கம்பாசிட்டருக்கு அந்த வெற்றிடமும் உலோகமே. எழுத்தில்லாத ஈயத் துண்டுகளை வைத்து அதை அவர் நிரப்பினார். வெறுமையைக்கூடக் கையால் கோத்த அந்த உழைப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

திரைக்கேற்ப எழுத்து ஒழுகும் இன்றைய டேப்லெட் பக்கத்திலோ வெற்றிடத்துக்குப் பொருளில்லை. வாசகர் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் அடி மடங்கும். கவிஞர் முறித்த அடி எது, கருவி முறித்த வரி எது என்று தெரியாமல் போகும். தமிழில் இது இன்னும் கடுமை. விகுதியும் வேற்றுமையும் ஒட்டி நீளும் ஒற்றைச் சொல்லே சில வேளை வரியின் பாதியை எடுத்துக்கொள்ளும்.

எழுத்தின் அமைப்பிலும் ஓர் எதிர்பாராத உறவு உண்டு. கேஸில் ‘கொ’ என்பது மூன்று துண்டு: கொம்பு, ககரம், கால். யூனிகோடில் அது இரண்டே குறி. கொம்பையும் காலையும் ககரத்தின் இருபுறமும் பிரித்து வைப்பது மென்பொருளின் வேலை. கம்பாசிட்டரின் விரல்கள் செய்ததைத்தான் அது செய்கிறது. அதை அறியாத பழைய கருவிகளில் கொம்பு இடம் மாறி விழுந்தது. ஆப்பிள் கருவிகளில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய எழுத்துருக்களுக்குப் பெரும் பங்குண்டு. 1971-இன் கேஸில் ‘ணை’, ‘லை’ ஆகியவை தும்பிக்கை வடிவில் தனி அச்சுகளாக இருந்தன. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தம் அவற்றை விலக்கியது.

விற்பனையில் ‘வயர்டு’ முதல் மாதம் ஒரு லட்சத்தைத் தொட்டு, ஆண்டு முடிவதற்குள் 25,000-க்கும் கீழே இறங்கியது. பூட்டிய பக்கம் தோற்றது என்று பலரும் முடிவுகட்டினர். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. பூட்ட வேண்டியதையும் ஒழுகவிட வேண்டியதையும் பிரிக்காததே பிழை. கட்டுரை ஒழுகட்டும். கவிதைப் பக்கத்தில் மிக நீண்ட அடியை அளந்து அதற்கேற்ப எழுத்தளவைக் குறிக்கலாம்; பெரிய எழுத்து வேண்டும் வாசகருக்காக அடி மடங்கியே ஆக வேண்டுமென்றால், மடங்கிய பகுதியை உள்ளே தள்ளி வைக்கலாம். முதல் ஐபேடின் திரை நிமிர்த்தினால் 768 பிக்சல் அகலம், கிடத்தினால் 1,024. நிமிர்ந்த திரையில் மடங்கும் அடி, கிடத்திய திரையில் முழுதாக நிற்கக்கூடும். வீண் வேலை என்று கைவிடப்பட்ட அந்த இரட்டை வடிவமைப்பைக் கவிதைப் பக்கங்களுக்கு மட்டுமாவது மீட்டெடுப்பது தகும்.