முடைதலின் இன்பம்: விருதுநகர் வட்டாரப் பனையோலைக் கைவினையும் அதன் வரலாற்றிடமும்

ஆய்வுச்சுருக்கம்

விருதுநகர் வட்டாரத்தின் பனைப் பொருளாதாரம் பதநீர், கருப்பட்டி, வணிகம் ஆகியவற்றின் வழியே விரிவாக எழுதப்பட்டுள்ளது. அப்பொருளாதாரத்திற்குரிய கொள்கலன்களை முடைந்தளித்த ஓலைக் கைவினையோ ‘துணைத்தொழில்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்படுகிறது. ஓலைப்பொருள்களின் அமைப்பு, தொழிற்சொற்கள், பிற்காலத் தொழில் மாற்றங்கள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, முடைதல் பிழைப்பாக இருந்ததோடு படைப்பின்பம் தரும் செயலாகவும் விளங்கியது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பனையோலை, முடைதல், கொட்டான், கடகம், தீப்பெட்டித் தொழில், படைப்பின்பம், விருதுநகர்.

முன்னுரை

நார், ஓலை, பிரம்பு, கோரை முதலிய இயற்கைப் பொருள்களைத் தறியின்றிக் கையால் பின்னிக் கலன் செய்வது மாந்தரின் மிகத் தொன்மையான கைத்திறன்களுள் ஒன்று. ஐரோப்பாவில் இதற்கு வில்லோ மரத்தின் மெல்லிய கிளைகள் பயன்பட்டன. காசுமீரத்துக் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியைச் சூழ்ந்த பின்னலும் அம்மர வகையைச் சார்ந்ததே. மழை குறைந்த தென்தமிழகத்தில் அவ்விடத்தை நிரப்பியது பனை. இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985ஆம் ஆண்டு மார்ச் 15இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கரிசலும் செம்மண்ணும் விரவிய இந்நிலத்தில் கண்மாய்க் கரைகளிலும் புஞ்சை வரப்புகளிலும் நிற்கும் பனை, உணவு, கூரை, கயிறு, கட்டில், கலன் என வாழ்வின் பல தேவைகளை நிறைவு செய்தது.

பனை குறித்த எழுத்துகள் பெரும்பாலும் பயனையே கணக்கிட்டன. 1850இல் கொழும்பில் வெளியான வில்லியம் பெர்குசனின் பனை பற்றிய நூல், பனைக்கு 801 பயன்கள் உண்டெனத் ‘தால விலாசம்’ கூறுவதை எடுத்துக்காட்டுகிறது. இராபர்ட் கால்டுவெல் திருநெல்வேலிப் பனையேறும் மக்களைப் பற்றி 1849இல் வெளியிட்ட நூலும், இராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார் சமூகத்தைப் பற்றி 1969இல் வெளியிட்ட ஆய்வும் நோக்கில் பெரிதும் வேறுபட்டவை. முன்னதன் இழிவுப் பார்வையை அச்சமூகத்தினரே பின்னர்க் கடுமையாக எதிர்த்தனர். எனினும் ஏறுதல், காய்ச்சுதல், விற்றல், சமூகநிலை ஆகியனவே இவ்விரு நூல்களிலும் முதன்மை பெறுகின்றன. முடைந்த கையின் மனநிலை வரலாற்றுக் கேள்வியாகவில்லை.

பேட்டையும் கொள்கலனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலியவற்றைக் கொண்டுசென்ற வணிகர்கள் வழியில் பேட்டைகளை அமைத்தனர். சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்கள் இவ்வாறு வணிக மையங்களாயின. விருதுபட்டி 1923இல் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. இவ்வரலாறு மகமை, பேட்டை, மாட்டுவண்டி ஆகியவற்றின் வழியே நன்கு அறியப்பட்டுள்ளது. ஆனால் சரக்கு எதுவும் கலனின்றி நகர்வதில்லை. ஈரம் பட்டால் இளகும் கருப்பட்டிக்குக் காற்றோட்டமும் காப்பும் ஒருங்கே தந்தது ஓலைப்பெட்டி. ஆகவே முடைதலை வணிகத்தின் உடனிகழ்வாகக் கருதாமல் அதன் முன்நிபந்தனையாகக் கொள்ளுதல் பொருந்தும்.

முடைந்த கலன் அளவையாகவும் பயன்பட்டது என்பதற்குப் பழஞ்சான்று உண்டு. ஐங்குறுநூற்று மருதத்தில் பாண்மகள் மீன் கொண்டுவந்த வட்டியை மனையோள் பயற்றால் நிறைத்துத் தருகிறாள். அவ்வட்டி எதனால் முடையப்பட்டது என்பதை அப்பாடல் கூறவில்லை. எனினும் பண்டமாற்றின் நடுவே, பெண்கள் இருவரிடையே, முடைகலன் ஒன்று அளவையாக நிற்பது கருதத்தக்கது.

பொருளும் செய்முறையும்

தறி நெசவு இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. அருப்புக்கோட்டை கைத்தறிச் சேலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். தறியில் பாவு அசையாது நிற்க, ஊடை அதனூடே செல்கிறது. வில்லோக் கூடையிலும் நிலையான குச்சிகளைச் சுற்றியே பின்னற்கொடி வளைகிறது. ஓலை முடைதலில் இவ்வேறுபாடு இல்லை. எல்லாக் கீற்றுகளும் ஒரே தகுதியுடையன. இப்போது மேலே செல்வது அடுத்து கீழே செல்லும். அடிப்பகுதியில் கிடையாக இருந்த கீற்றே மூலையில் மடிந்து சுவராக எழும். சதுர அடியில் தொடங்கும் பெட்டி வட்ட வாயில் முடிவது இதனாலேயே. அளவுகோலும் வரைபடமுமின்றி இம்மாற்றத்தை நிகழ்த்த, முடைபவர் முழுவடிவத்தையும் மனத்தில் கொண்டிருத்தல் வேண்டும்.

தொழிற்சொற்கள் இந்நுண்ணறிவைப் பேணியுள்ளன. இளம் ஓலை குருத்தோலை, முதிர்ந்தது சாரோலை, காய்ந்து உதிர்வது காவோலை. மட்டையின் உட்புற நார் அகணி; ஓலையின் நடுநரம்பு ஈர்க்கு. மென்மையான சிறுபெட்டிக்கும் கொட்டானுக்கும் குருத்தோலை ஏற்றது. பாரம் தாங்கும் கடகத்திற்கு அகணியின் உறுதி வேண்டும். குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, சிலவற்றைச் சாயநீரில் வேகவைத்து, முடையுமுன் ஈரந்தோய வைப்பர். ஈரம் குறைந்தால் கீற்று ஒடியும். மிகுந்தால் உலர்ந்தபின் பின்னல் தளரும். இப்பதத்தைக் கணிப்பது விரல் நுனியே. யாழ்ப்பாணத் தமிழில் இத்தொழில் ‘இழைத்தல்’ எனப்படுகிறது. நுண்ணிய வேலைப்பாட்டையும் குறிக்கும் ஒரு சொல் கலன் செய்தலுக்கு வழங்குவது, அது வெறும் உழைப்பாகக் கருதப்படவில்லை என்பதைக் குறிப்பால் உணர்த்துகிறது.

தேவைக்கு அப்பாற்பட்ட அழகு

படைப்பின்பத்திற்கு நேரடி எழுத்துச் சான்று அரிது. முடைந்தவர்கள் தம் அனுபவத்தை எழுதி வைக்கவில்லை. பொருள்களே சான்றாகின்றன. ஒன்று விட்டு ஒன்று செல்லும் எளிய பின்னலே பண்டத்தைத் தாங்கப் போதுமானது. இருப்பினும் இரண்டிரண்டாகத் தாண்டி, ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இடம் நகர்த்திச் சாய்கோடுகளை எழுப்பினர். வண்ணக் கீற்றுகளை இடையிட்டுக் கட்டங்கள் அமைத்தனர். மிட்டாய் வாங்கிச் செல்லும் ஓலைப்பெட்டி சில நாள்களில் எறியப்படுவது. அதன் மூடியிலும் சிவப்பும் பச்சையும் ஓடின. ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் அடுக்குப்பெட்டியில் உட்பெட்டிகளின் கோலம் மூடிய நிலையில் யார் கண்ணிலும் படாது. குழந்தைகளுக்கெனச் செய்த ஓலைக் கிலுகிலுப்பையும் காற்றாடியும் விற்பனையைக் கருதாதவை.

மானிடவியலறிஞர் பிரான்சு போவாசு 1927இல் வெளியிட்ட தொல்கலை பற்றிய நூல் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. அணிந்தபின் தெளிவாகப் புலப்படாத குஞ்சங்களிலும் மணிகளைச் சிக்கலான ஒழுங்கில் கோத்த வட அமெரிக்கப் பழங்குடியினரை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவ்வொழுங்கின் இன்பம் பார்ப்பவர்க்கு உரியதாவதற்கு முன் செய்பவர்க்கே உரியது என்பதும், கைத்திறன் முதிர்ந்து சீரான அசைவாகும்போது அழகுணர்வு பிறக்கிறது என்பதும் அவர் கருத்தின் சாரம். அடுக்குப்பெட்டியின் உட்கோலத்திற்கு இவ்விளக்கம் பொருந்துகிறது. ஈழத் தமிழ்மரபில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில், கோயிற்கலையோடு பாய்முடைதலுக்கும் இடமளித்தார். அன்றாடப் பொருளைக் கலைவரலாற்றுக்குள் கொணரும் அவ்வழி தமிழகப் பனையோலையைப் பொறுத்தவரை முழுமையாகத் தொடரப்படவில்லை.

ஓலைப்பெட்டியிலிருந்து தீப்பெட்டிக்கு

1920களில் இவ்வட்டாரத்துக் கைகளுக்கு வேறொரு வேலை வந்தது. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். 1940களில் பட்டாசுத் தொழில் ஆலை வடிவம் பெற்றது. இடைக்காலத்தின் அடையாளமாக ஓலைவெடியைக் கூறலாம். பனையோலைக் கீற்றை முக்கோணமாக மடித்து மருந்திட்டுச் செய்த அவ்வெடியில், பெட்டி முடைபவர் அறிந்த மடிப்பே பயன்பட்டது.

தீப்பெட்டி ஒட்டுதல், குச்சி அடுக்குதல் ஆகிய வேலைகள் பெண்களையும் சிறுவர்களையும் பெருமளவில் ஈர்த்தன. ‘பெட்டி’ என்னும் சொல் நிலைத்தது. வேலையின் இயல்பு மாறியது. ஓலைப்பெட்டியை ஒருவரே குருத்து வார்வதிலிருந்து விளிம்பு கட்டுவது வரை செய்தார். எங்கு வண்ணம் சேர்ப்பது, எப்போது நிறுத்துவது என்பன அவர் முடிவுகள். தீப்பெட்டியில் ஒரே அசைவு நாள் முழுதும் எண்ணிக்கைக் கூலிக்காகத் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. முழுப்பொருள் எவர் கையிலும் உருவாகவில்லை.

இவ்வொப்பீடு பழமையைப் பொன்மயமாக்குவதற்கன்று. ஓலை முடைதலின் வருவாய் சொற்பம். பனைத்தொழிலோடு சாதி இழிவும் பிணைக்கப்பட்டிருந்தது. தீப்பெட்டிக் கூலி மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்களைக் காத்தது. அதே தொழில் குழந்தை உழைப்பால் நாடெங்கும் கண்டனத்துக்குள்ளாகி, 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் பின்னணியில் பேசப்பட்டது. கூலி கூடியதா குறைந்ததா என்ற கணக்கு மட்டும் இம்மாற்றத்தை முழுதும் விளக்காது என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது. செய்பொருளின் மீதான உரிமையும் அதனால் விளைந்த இன்பமும் கணக்கில் வராத இழப்புகள்.

ஒயர் கூடையும் புத்துயிர்ப்பும்

இவ்வின்பம் ஓலையோடு மறைந்துவிடவில்லை என்பதற்கு ஒயர் கூடை சான்று. நெகிழிப் பைகளும் வாளிகளும் ஓலைக்கலனின் இடத்தைக் கைப்பற்றிய காலத்திலேயே தமிழகப் பெண்கள் நெகிழி ஒயரால் கூடை பின்னத் தொடங்கினர். சிவன்கண், நெல்லிக்காய், பிஸ்கட் எனப் பின்னல் வகைகளுக்குப் பெயரும் இட்டனர். மலிவான பை கடையில் கிடைத்தபோதும் ஓய்வு நேரத்தில் பின்னியதற்குத் தேவை மட்டும் காரணமாக இயலாது. மூலப்பொருள் மாறியபோதும் கை தன் பழைய மகிழ்ச்சியைத் தேடிக்கொண்டது.

2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை நடைமுறைக்கு வந்தபின் ஓலைக்கலன் மீண்டும் கவனம் பெற்றது. அண்டைப் பகுதியான செட்டிநாட்டில், எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளையின் முயற்சியால் கொட்டான் முடைதல் புத்துயிர் பெற்றது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஒரே அளவு, ஒரே வண்ணம், ஆயிரக்கணக்கில் கொள்முதல் என்னும் ஒழுங்குக்குள் முடைதல் முற்றிலும் சென்றுவிடின், ஓலையால் செய்த தீப்பெட்டி வேலையாகவே அது முடியும். வடிவையும் கோலத்தையும் முடைபவரே தேரும் இடம் எஞ்சும்போதுதான் மரபு வாழ்கிறது.

முடிவுரை

விருதுநகர் வட்டார வணிக வரலாற்றில் முடைகலன் முன்நிபந்தனையாக நின்றது. அதனைச் செய்த பெண்களின் உழைப்பு துணைத்தொழில் என்னும் வகைப்பாட்டால் மறைக்கப்பட்டது. கலன்களில் காணும் தேவைக்கு மிஞ்சிய அழகு, தொழிற்சொற்களின் நுட்பம், ஒயர் கூடையாக நிகழ்ந்த தொடர்ச்சி ஆகிய மூன்றும் அவ்வுழைப்பினுள் படைப்பின்பம் இருந்ததை உணர்த்துகின்றன. முதிய முடைஞர்களின் சொற்களையும் பின்னல் முறைகளையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்வதும், வட்டார அருங்காட்சியகங்களில் ஓலைக்கலன்களைச் செய்தவர் பெயரோடு காட்சிப்படுத்துவதும் உடனடித் தேவைகள். அன்றாடம் புழங்கும் ஓலைக்கலன் நெடுங்காலம் நில்லாது. மிட்டாய்ப் பெட்டியை எவரும் சேமித்து வைப்பதில்லை. அவ்வறிவு இன்றும் தங்கியிருக்கும் இடம் முடையும் கைகளே. அவற்றிடம் கேட்டறிவதற்கான காலம் சுருங்கி வருகிறது.