எட்டு வயதில் ஓர் அயல்மொழி

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. குழந்தைக்கு எந்த மொழியை எந்த வயதில் தொடங்குவது என்பதே அது. தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வாழும் நமக்கு இது வெறும் கல்வித்துறை ஆராய்ச்சியன்று, அன்றாடக் கவலை. இதே கேள்விக்கு விடை காண ஒரு நாடு பத்தாண்டுக் காலம் முயன்ற வரலாற்றை இன்று நோக்குவோம்.

சிறுவர்க்கு அயல்மொழி கற்பிக்கும் முயற்சி பழமையானது. மொராவியாவில் பிறந்த கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் 1658-இல் நியூரம்பர்க் நகரில் ஒரு படநூலை வெளியிட்டார். பொருளைப் படத்தில் காட்டி, அதனருகில் இலத்தீனையும் ஜெர்மனையும் நிறுத்தியது அந்நூல். அறிந்த மொழியின் கையைப் பிடித்துக்கொண்டே அறியாத மொழிக்குள் செல்ல வேண்டும் என்பது அவர் கண்ட வழி.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கேள்வி புதிய வேகம் பெற்றது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு, பத்து வயதுக்கு முன்னரே மூளை மொழிகளை எளிதாக ஏற்கும் என்று 1950-களில் வலியுறுத்தினார். 1962-இல் ஹாம்பர்க் நகரிலிருந்த யுனெஸ்கோ கல்வி நிலையத்தில் பல நாட்டு அறிஞர்கள் கூடித் தொடக்கப்பள்ளியில் அயல்மொழி கற்பிப்பதைப் பற்றி ஆராய்ந்தனர்.

இச்சூழ்நிலையில், 1963-இல் இங்கிலாந்து ஒரு சோதனைத் திட்டத்தை அறிவித்தது. எட்டு வயதுச் சிறுவர்க்குப் பிரெஞ்சு மொழி கற்பிக்கும் இத்திட்டம், 1964-இல் 13 பகுதிகளின் பள்ளிகளில் தொடங்கிற்று. ஆசிரியர்கள் தனிப் பயிற்சி பெற்றனர். ஒலிப்பதிவு நாடாக்களும் படங்களும் வகுப்பறைக்குள் வந்தன. ஏறத்தாழ 18,000 சிறுவர்களின் முன்னேற்றத்தை ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் கவனித்து வந்தனர்.

1974-இல் வெளியான முடிவு பலருக்கு ஏமாற்றம் அளித்தது. எட்டு வயதில் தொடங்கியவர்களையும் பதினொரு வயதில் தொடங்கியவர்களையும் பதினாறாம் வயதில் ஒப்பிட்டபோது, முன்னவர்கள் செவியால் கேட்டு உணர்வதில் மட்டுமே மேம்பட்டிருந்தனர். பேசுவதிலோ, படிப்பதிலோ, எழுதுவதிலோ அவர்களுக்குக் குறிப்பிடத்தக்க மேன்மை இல்லை. ஆயினும், மற்றொரு மொழியைச் சேர்த்ததால் அவர்களுடைய ஏனைய பாடங்கள் கெட்டுப் போகவுமில்லை. இதையும் நாம் மறத்தலாகாது.

காரணம் என்ன? உயர்நிலைப் பள்ளியை அடைந்தபோது, மூன்றாண்டு கற்ற பிள்ளைகளைப் பல இடங்களில் புதிதாகத் தொடங்குவோருடன் ஒரே வகுப்பில் அமர்த்தினார்கள். கற்றது தொடர்ந்து வளரவில்லை. ஆசிரியரின் திறமும் தலைமையாசிரியரின் ஊக்கமும் பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டன. பின்னாளில் பார்சிலோனாவில் நடந்த ஆய்வும் இதையொட்டிய உண்மையைக் காட்டிற்று: வகுப்பறையில் செலவிடும் நேரம் ஒன்றாக இருந்தால், சற்று மூத்த பிள்ளைகளே விரைந்து முன்னேறுகின்றனர். இளமை தரும் நன்மையைப் பெற, மொழி நாள்தோறும் காதில் விழவும் நாவில் புழங்கவும் வேண்டும். 2014-இல் இங்கிலாந்து தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகளில் அயல்மொழியைக் கட்டாயமாக்கியது. முதல் சோதனையோடு அம்முயற்சி மடிந்துவிடவில்லை.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? நம் பிள்ளைகள் இந்தியையோ வங்காளியையோ மராத்தியையோ விளையாட்டுத் திடலிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தைப் பள்ளி கவனித்துக்கொள்கிறது. ஆனால் தமிழ்? வீட்டில் நாம் பேசுவது அவர்களுக்கு விளங்குகிறது. ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தை மட்டும் தந்தையார்தாம் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. செவியில் மொழி இருக்கிறது. கண்ணிலும் கையிலும் இல்லை. இங்கிலாந்துச் சிறுவர்க்குப் பிரெஞ்சில் நேர்ந்தது, நம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலேயே நேர்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்மைப் போன்றோர் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல என்பதைச் சற்று நாணத்துடனேயே ஒப்புக்கொள்கிறோம்.

சட்டம் நமக்குத் துணையாக இல்லாமலில்லை. ஒரு பள்ளியில் 40 மாணவர்களோ ஒரு வகுப்பில் 10 மாணவர்களோ இருந்தால் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஏற்பாடு வேண்டும் என்று 1949-இலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு தீர்மானித்தது. 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. ஆனால் பெற்றோர் ஒன்றுகூடிக் கேளாத இடத்தில் சட்டம் தானாக வந்து கதவைத் தட்டுவதில்லை.

பள்ளி கிடைக்காத ஊரிலும் வழியுண்டு. நாள்தோறும் கால் மணி நேரம் ஒரு பக்கம் படித்தல்; வாரம் ஒரு கடிதம் எழுதுதல்; இதை ஆண்டுக்கணக்கில் விடாது நடத்தல். தொடங்கும் வயதைவிடத் தொடரும் உறுதியே பெரிது என்பதுதான் அந்தப் பத்தாண்டுச் சோதனை நமக்கு விட்டுச்சென்ற பாடம். பாட்டியின் அடுத்த கடிதத்தைப் பேரப்பிள்ளையே உரக்கப் படிக்கட்டும். பதிலையும் அவனே எழுதட்டும். பிழைகள் இருந்தால் பாட்டி பொறுத்துக்கொள்வார்.