அழகக்கோன் என்னும் பெயர்

மாத்தளை மாவட்டத்து வாக்காளர் இடாப்பைப் புரட்டுவார்க்கு 'அலஹகோன்' என்னும் பெயர் புதியதன்று. அப்பெயருடையார் சிங்கள மொழி பேசுவோர். பெரும்பாலும் பௌத்த சமயத்தினர். கண்டி அரசின் பழங்குடிகளாகத் தம்மைக் கருதுவோர். அதே இடாப்பின் தோட்டப்புறப் பக்கங்களில் அழகன், அழகர்சாமி, அழகம்மா என்னும் பெயர்களும் உள. இவற்றை உடையார் தமிழர். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இந்தியாவினின்று நடந்து வந்தோரின் வழியினர். இருசாராரும் ஒருவரையொருவர் அயலாராகவே எண்ணுகின்றனர். ஆயின் அவர்தம் பெயர்களைப் பகுத்துப் பார்க்கின் இரண்டினுள்ளும் இருப்பது 'அழகு' என்னும் ஒரே தமிழ்ச் சொல்லே என்பது புலப்படும். இந்தியாவிற் பிறந்து, பிறந்த நாட்டில் குடும்பப் பெயராக வழங்குதல் மிக அரிதாகி, இலங்கையின் மலைநாட்டில் வேரூன்றிவிட்ட அழகக்கோன் என்னும் பெயரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் சொல்லின் வடிவத்தை நோக்குவோம். அழகன் என்பதும் கோன் என்பதும் கூடி அழகக்கோன் ஆயிற்று. உயர்வு பற்றிவரும் ஆர் விகுதி சேர அழகக்கோனார் ஆயிற்று. கோன் என்பதற்கு அரசன், தலைவன் என்பன பொருள். ஆயர்க்கும் அப்பெயர் வழங்குதலால் இக்குடும்பத்தாரை ஆயர் குலத்தினரென ஒருசாரார் துணிவர். ஒரு சொல்லின் பலபொருளுள் தமக்கு வேண்டியதை மாத்திரம் எடுத்துக்கொண்டு குலம் காட்டுதல் பெயராராய்ச்சியில் மலிந்து கிடக்கும் குற்றம். மேலும், இக்குடும்பம் வணிகத் தொடர்புடையதென்றே வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

சிங்களக் கல்வெட்டிலும் நூல்களிலும் இப்பெயர் 'அளகக்கோனார' என வரும். சிங்களத்தில் ழகரம் இல்லாமையின் ளகரம் அதன் இடத்தைக் கொண்டது. இக்கால வழக்கோ 'அலஹகோன்'. ககரம் ஹகரமாயினமை சிங்களரின் திரிபு என்று பலர் நினைப்பர். நம்மவர் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்பின் உண்மை தெரியும். அழகு என்று எழுதுகின்றோம். பேசும்போது இடையிலுள்ள ககரத்தை மென்மையாக ஒலித்து 'அழஹு' என்றே சொல்லுகின்றோம். ஆகவே கல்வெட்டின் வடிவம் எழுத்தைப் பார்த்து எழுதியது, மக்கள் வழக்கின் வடிவம் காதாற் கேட்டு வைத்துக்கொண்டது எனக் கொள்ளுதல் பொருந்தும். தமிழரின் பேச்சொலியைத் தமிழெழுத்துக் காட்டாதிருக்க, ஒரு சிங்களக் குடும்பப் பெயர் காட்டி நிற்கின்றது.

இனி வரலாற்றுக்கு வருவோம். கி. பி. 1344 ஆம் ஆண்டு இலங்கை வரலாற்றில் ஒரு வியத்தகு ஆண்டு. கம்பளையை அரசிருக்கையாகக் கொண்டு நான்காம் புவனேகபாகு ஆண்டகாலம் அது. கடலாதெனிய விகாரையைக் கணேஸ்வராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பியும், இலங்காதிலக விகாரையை ஸ்தபதி ராயர் என்பாரும் அமைத்தனர். இலங்காதிலகத்துப் பாறையிற் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டது. மொரோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபன் பதூதா இலங்கைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. அக்காலத்ததாகிய களனிச் சாசனமொன்று நிசங்க அழகக்கோனார் என்னும் பெருமகனைக் குறிப்பிட்டு, அவர் குலம் பல தலைமுறைகளுக்கு முன் வஞ்சி நகரிலிருந்து வந்ததெனக் கூறுகின்றது. வஞ்சி என்பது மலையாளக் கரையிலுள்ள பழைய சேரர் பட்டினமே என்பார் பலர். காஞ்சி என்று கொள்வாரும் உளர். எங்ஙனமாயினும், 1344 இலேயே அக்குடும்பம் புதிதாக வந்திறங்கிய குடும்பமன்று என்பதே நமக்கு வேண்டுவது.

இபன் பதூதா தாம் கண்ட உள்நாட்டு அரசனின் பெயரைக் 'குனார்' என்று எழுதினார். அழகக்கோனார் என்பதன் பிற்பாதியே அரபு மொழியாளரின் செவியில் அவ்வாறு விழுந்தது என்பர். சீனர் அப்பெயரை முழுமையாகவே கேட்டனர். மிங் பேரரசின் கடற்படைத் தலைவராகிய செங் ஹோ 1411 இல் இலங்கையிற் போர்புரிந்து சிறைபிடித்துச் சென்ற தலைவனின் பெயரைச் சீன வரலாற்று நூல்கள் 'யாலியேகுநைஅர்' என எழுதுகின்றன. நான்கிங் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரைப் பேரரசர் யுங்லோ மன்னித்துத் திருப்பியனுப்பினார். இதே செங் ஹோ 1409 ஆம் ஆண்டு நாளிட்ட மும்மொழிக் கல்லொன்றை இலங்கைக்குக் கொண்டுவந்தார். சீனப் பகுதி புத்தர்பிரானையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாம் சமயத்தையும் போற்றுகின்றன. 1911 இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டது. தமிழெழுத்துக் கொண்ட அக்கல்லில் தமிழ்ப் பெயருடைய அத்தலைவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவன் பெயரைக் காத்துத் தந்தவர் சீனரே.

சிங்கள நூல்கள் இக்குலத்தாரை 'அளகேஸ்வர' என்றும் வழங்கும். இஃது ஒரு சுவையான மாற்றம். அளகை என்பது குபேரனது நகர். அளகேசுவரன் என்றால் குபேரன், செல்வத்துக்கு இறைவன். வணிகத்தாற் செல்வம் பெற்ற ஒரு குடும்பத்தின் தமிழ்ப் பெயரை, ஓசை கெடாமலே வடமொழியாக்கி, பொருளும் பொருந்தச் செய்த புலவன் யாவனோ, அவன் சொல்வன்மையுடையான் என்பதில் ஐயமில்லை.

இக்குடும்பத்தின் அரசியற் செயல் ஒன்றை மாத்திரம் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். மாத்தளையோடு தொடர்புடையது அதுவே. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி தென்னிலங்கையில் வரி தண்டுவோரை நிறுத்தியிருந்தனன். அழகக்கோனார் கோட்டை நகரில் அரண் எழுப்பி, வரி தண்டுவோரைத் துரத்தினார். வெகுண்ட ஆரியச்சக்கரவர்த்தி இருவழியாற் படை அனுப்பினன். தரைவழி வந்த படை மாத்தளை வரை வந்து தங்கி அங்கே முறிந்தது. கடல்வழி வந்ததை அழகக்கோனார் முறியடித்தார். இவை சிங்கள நூலாகிய இராஜாவலிய தரும் செய்திகள். இதனைத் தமிழர்க்கும் சிங்களர்க்கும் நிகழ்ந்த போராக இக்காலத்தார் பலர் கூறுவர். அங்ஙனமாயின் சிங்களர் பக்கத்து வீரன் அழகக்கோனார் என்னும் பெயரைத் தாங்கி நின்றமையை அவர் எங்ஙனம் விளக்குவர்? ஒருவன் எம்மொழிப் பெயரைக் கொண்டான் என்பதன்று, எவ்வரசுக்கு ஊழியன் என்பதே அன்று கேட்கப்பட்ட வினா.

அங்ஙனமாயின் இன்று மாத்தளையில் வாழும் அலஹகோன் குடும்பத்தார் அனைவரும் அந்த அழகக்கோனாரின் வழித்தோன்றல்களோ? இவ்விடத்தில் அவசரப்படலாகாது. கண்டி நாட்டுப் பெயர்கள் மூவகையாற் பிறந்தன. ஊரால் வந்த பெயர் ஒன்று. 1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட பிரதானிகளாகிய எஹலபொல, மொல்லிகொட, துல்லேவ, மாத்தளைத் திசாவையாகிய ரத்வத்த ஆகியோர் அவ்வாறு அறியப்பட்டோரே. மாத்தளை நகரின் அருகே, திரிபிடகத்தை முதன்முதல் நூலேற்றிய இடமாகப் போற்றப்படும் அலுவிகாரையால் வந்த அலுவிகாரே என்னும் குடும்பப் பெயரும் இவ்வகையதே. இரண்டாவது 'கே' ஈற்றுப் பெயர். கே என்பது வீட்டைக் குறிக்கும். 1848 இல் மாத்தளைக் கிளர்ச்சியில் முன்னின்று அவ்வாண்டு ஆகஸ்டில் கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்ட புரன் அப்புவின் இயற்பெயர் வீரஹென்னெதிகே பிரான்சிஸ்கோ பெர்னாந்து என்பதைக் காண்க. மூன்றாவது 'பட்டபெந்தி' பெயர். அரசன் ஒருவனது நெற்றியில் பட்டம் கட்டிக் கொடுக்கும் பெயர் அது. தமிழ் வேந்தர் பட்டங்கட்டிய வழக்கமும் சொல்லும் அப்படியே அங்கும் உள.

கோன் என முடியும் பெயர்கள் பல பட்டப்பெயர்களாகவே பரவின. தென்னக்கோன் என்பது முழுத் தமிழ். வீரக்கோன், சமரக்கோன், விஜயக்கோன் என்பன முன்பாதி வடமொழியும் பின்பாதி தமிழுமானவை. தம்புள்ளைப் பகுதியை அறிந்தார்க்குத் தென்னக்கோன் என்னும் பெயரை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. டி. பி. தென்னக்கோனும் அவர்தம் மைந்தர் ஜனக பண்டார தென்னக்கோனும் அப்பகுதி மக்களின் பிரதிநிதிகளாகப் பாராளுமன்றம் சென்று அமைச்சர் பதவியும் வகித்தோர். தென்னவன் என்பது பாண்டியனுக்குரிய பெயர். அதனால் அப்பெயருடையார் பாண்டியர் வழியினர் ஆகார். தமிழ்ச் சொல் கண்டி நாட்டில் மதிப்புக்குரிய பட்டமாய் நிலவிற்று என்பது மாத்திரமே பெறப்படும். அலஹகோன் முதியன்சேலாகே என்னும் கே ஈற்றுப் பெயரும் உண்டு. அதிலுள்ள முதியன்சே என்னும் சொல்லும் முதலியார் என்பதன் வழிவந்ததென்பர். பட்டம் பலருக்குக் கட்டப்படுவது. இரத்தம் அவ்வாறு பகிரப்படுவதன்று. ஆகவே பெயரின் மூலம் தமிழ் என்பது உறுதி. குருதியின் மூலத்தைப் பெயர் சொல்லாது.

இதற்கு மாறானதொன்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர் மதுரைத் தொடர்புடைய நாயக்க மன்னர். அவருள் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் தம்புள்ளைக் குகை விகாரைகளைப் புதுக்கியவன். கடைசி மன்னனின் இளமைப் பெயர் கண்ணுசாமி. எழுபத்தாறு ஆண்டுகள் அரியணையில் இருந்தும் நாயக்கர் என்னும் பெயர் அழகக்கோன் போல மலைநாட்டுக் குடிகளிடத்து வேரூன்றவில்லை. 1816 இல் மன்னனோடு வேலூருக்குக் கப்பலேறிற்று.

மாத்தளை மண்ணில் தமிழ்ச் சுவடு பெயரோடு நில்லாது. பல்லவர் கட்டடக் கலையைக் காட்டும் நாலந்த கெடிகே பௌத்தக் கோயிலே. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதபடி 1970 களிற் கல்கல்லாகப் பெயர்த்து மேட்டில் அமைக்கப்பட்டது. அஸ்கிரி உடசியபத்து, லக்கல பல்லேசியபத்து என்னும் நிர்வாகப் பிரிவுகளில் வரும் பத்து என்பது, மட்டக்களப்பிலும் வன்னியிலும் வழங்கும் பற்று என்னும் நிலப்பிரிவோடு ஒத்தது.

இனித் தோட்டப்புறத்து அழகர்சாமிகளை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர் பெருகியபோது மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை அடைந்தோர் பல்லாயிரவர். வழியில் வாந்திபேதியால் மாண்டோர் தொகை பெரிது. 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இவர்கள் 'இந்தியத் தமிழர்' எனத் தனிப்பகுதியாக எழுதப்பட்டனர். 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தான் ஒருவனை நோக்கி, உன் தந்தை இங்கே பிறந்தானா, அன்றேல் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனரா என வினவிற்று. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடவாத லயங்களில் இதற்குச் சான்று காட்டுதல் எளிதாயிருக்கவில்லை. 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போமென விட்டது. நாடற்றோராய் எஞ்சியோர்க்கு வழிசெய்த சட்டம் 2003 இல்தான் வந்தது.

வஞ்சியிலிருந்து வந்த அழகக்கோனாரின் பெயரை நோக்கி இத்தகைய வினாவை எவரும் எழுப்பவில்லை. அது கல்லில் எழுதப்பட்ட பெயர், தலைவரின் பெயர். கங்காணியின் செக்குரோலில் எழுதப்பட்ட பெயர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. இதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. தமிழர்க்குத் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் இல்லை. அழகன் மகன் முத்து 'அழகன் முத்து' என்று எழுதப்படுவான். முத்துவின் மகனுக்கு 'முத்து' என்பதே முதற்பெயராகும். குடும்பப் பெயரை எழுதுக எனப் படிவம் கேட்குமிடத்தில் தந்தையின் பெயரை இடுகின்றோம். அடுத்த தலைமுறையில் அஃது அழிந்துவிடுகின்றது. ஆனால் முற்றும் அழிவதில்லை. பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு இடுதல் நம்மவர் வழக்கம். பெயரன் என்னும் சொல்லே பேரன் எனத் திரிந்தது. பாட்டனது பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஆகவே முத்துவின் மகன் மீண்டும் அழகன் ஆவான். சட்டம் பாட்டனைப் பற்றிக் கேட்டபோது, பாட்டனின் பெயரைத் தன் பெயராகவே கொண்டிருந்த அப்பேரனிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் மாத்திரம் இல்லாதிருந்தது.