சாட்சி எங்கே உட்காருவது?

வன்கொடுமை வழக்கொன்றில் சாட்சி சொல்ல வந்த அம்மாவோடு கோர்ட்டுக்குப் போயிருந்தேன். "நாம எங்கய்யா உக்கார்றது?" என்று கேட்டார். நீதிபதிக்கு மேடை, வக்கீலுக்கு நாற்காலி, எதிரிக்குக்கூடக் கூண்டு. சாட்சிக்கு வராந்தாதான். அதே வராந்தாவில் பத்தடி தள்ளி எதிரியின் சொந்தக்காரர்கள். கூண்டேறியபோது அம்மாவுக்குக் குரலே எழவில்லை. பிறழ் சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள்.

ஊர்ச் சாவடியில் நம்ம சனம் கீழே நின்றுதான் வழக்கு சொன்னது. கோர்ட்டு வந்தும் அந்த நிற்கிற இடம் மாறவில்லை.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மாவட்டந்தோறும் சிறப்பு நீதிமன்றம் என்றது. ஏற்கெனவே இருந்த செஷன்ஸ் கோர்ட்டுக்கே அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும் என்றும் இடம் விட்டது. தனி நீதிமன்றம் வேண்டும் என்பது 2016இல் அமலான திருத்தத்தில்தான் வந்தது. 1997இல் மேலவளவில் முருகேசனோடு ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கு சேலத்தில் நடந்தது. 17 பேருக்கு ஆயுள் தண்டனை என்று 2001இல் தீர்ப்பு வந்தது. மேலூர்ப் பக்கத்துச் சனம் நீதிக்காக அவ்வளவு தூரம் அலைந்தது.

அச்சமின்றிச் சாட்சி சொல்ல மாவட்ட நீதிமன்றங்களில் தனி வளாகம் அமைக்க வேண்டும், 2019 முடிவதற்குள் அமைக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு சுவராகவும் கதவாகவும் மாறணுமே!

ஆகவே தோழர்களே, உங்க ஊரில் புதுக் கோர்ட்டுக்குப் பொதுப்பணித்துறை இடம் அளக்க வந்தால், தீர்ப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். வரைபடத்தை விரிக்கச் சொல்லிக் கேளுங்கள்: சாட்சி எந்த வாசல் வழியா வருவா? எங்க உக்காருவா?