செய்தியாளர் எந்தத் தெருவில் நிற்கிறார்?

சேதராப்பட்டு பக்கம் தோழர்களோடு உட்கார்ந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "நம்ம பிரச்சினை பேப்பர்ல வரலையே, காசு வாங்கிட்டாங்களா தோழர்?" காசே வாங்காதவரும் ஒருபக்கமாக எழுத முடியும் என்பதுதான் வரலாறு.

1878-ல் சென்னையில் 'தி இந்து'வைத் தொடங்கிய ஆறு பேரும் பார்ப்பனர்கள். அவர்களில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. அவர் கெட்டவர் அல்ல. சாதிக் கட்டுப்பாட்டை மீறி விதவை மகளுக்கு மறுமணம் செய்துவைத்தவர். ஆனால் பத்திரிகை நடத்துபவரும் மேடையில் நிற்பவரும் ஒருவரே என்றால், அந்த மேடையில் ஏற முடியாதவர்களின் கேள்வியை யார் எழுதுவது?

ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்றது காங்கிரஸ். படித்த சாதிகளுக்கு அது உரிமைக் கோரிக்கை. இரட்டைமலை சீனிவாசன் அதையே சேரியிலிருந்து பார்த்தார்: தேறி வந்து நம்மேல் அதிகாரம் செய்யப்போவது யார்? 1893-ல் கையெழுத்து திரட்டி எதிர்மனு அனுப்பினார். அதே ஆண்டு 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1920-ல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, கட்டணம் தருகிறோம் என்றும் அதன் விளம்பரத்தை வெளியிட 'கேசரி' மறுத்தது.

பழைய கதை என்று தள்ள முடியாது. 2006-ல் டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரை ஆய்வு செய்தார்கள். தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை.

ஆகவே தோழர்களே, செய்தியைப் படிக்கும்போது கேளுங்கள். எழுதியவர் யாரிடம் விசாரித்தார்? ஊர்த் தெருவோடு திரும்பிவிட்டாரா, காலனிக்குள் வந்தாரா? அடி வாங்கியது ஒரு பக்கம் மட்டும் என்றால், "இரு பிரிவினர் மோதல்" என்று ஏன் எழுதினார்?

நமக்கும் பின்னணி உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. சீனிவாசன் அதை இதழின் தலைப்பிலேயே அச்சடித்தார். எங்கே நின்று பேசுகிறோம் என்று சொல்லிவிட்டு, உண்மையைத் தேதியோடும் சாட்சியோடும் எழுதுவோம். அதுவே நம் நேர்மை.